பழைய எம்எக்ஸ்-5 வாங்கியாச்சு: முதல் 1,500 பவுண்டை எதில் போடுவது?

பிரிட்டனில் குறைந்த விலைக்கு ஸ்போர்ட்ஸ் கார் தேடுபவர்களில் பலர் கடைசியில் வந்து நிற்பது இரண்டாம் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5 முன்னால்தான். 1998 முதல் 2005 வரை விற்பனையில் இருந்த மாடல் இது. முதல் தலைமுறைக்கு இருந்த எழுந்து நிற்கும் முகப்பு விளக்குகள் இதற்குக் கிடையாது, அதை வைத்தே அடையாளம் கண்டுகொள்ளலாம். காரை ஓட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்த கையோடு குழப்பம் ஆரம்பிக்கும். கையில் மிச்சமிருப்பது ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு பவுண்டு. டைமிங் பெல்ட் மாற்றலாமா, துருவைப் பார்க்கலாமா, நல்ல டயர் போடலாமா, காய்லோவர் (உயரத்தை மாற்றக்கூடிய ஸ்பிரிங்-ஷாக் தொகுப்பு) வாங்கிக் காரைத் தாழ்த்தலாமா, எக்ஸாஸ்ட் மாற்றலாமா? எல்லாமே அவசரம் போலத் தோன்றும், எல்லாவற்றுக்கும் பணம் போதாது.

இந்தக் காரின் சுகம் இன்ஜின் சக்தியில் இல்லை. 1.6 லிட்டர் இன்ஜின் சுமார் 110 குதிரைத்திறன், 1.8 லிட்டர் சுமார் 140. இன்றைய சாதாரணக் குடும்பக் கார்கள் பலவும் அதைவிட அதிகம் தருகின்றன. ஆனால் எடை ஒரு டன்னை ஒட்டித்தான் வரும். அந்த எடை முன்சக்கரங்களுக்கும் பின்சக்கரங்களுக்கும் ஏறக்குறைய சமமாகப் பிரிந்திருக்கும். நான்கு சக்கரத்திலும் டபுள் விஷ்போன் சஸ்பென்ஷன், அதாவது ஒவ்வொரு சக்கரத்தையும் மேலே ஒன்று கீழே ஒன்று என இரண்டு கைகள் பிடித்திருக்கும். வளைவில் திருப்பும்போது கிடைக்கும் அந்த லேசான, துல்லியமான உணர்வுக்காகத்தான் இதை வாங்குகிறோம். இன்று இந்த மாடலின் கடைசி கார்களுக்கே இருபது வயது. இறுகிப்போன ரப்பர் புஷ் (சஸ்பென்ஷன் மூட்டுகளில் இருக்கும் ரப்பர் உறை), ஆளுக்கொரு பிராண்டாக நான்கு டயர், ஒட்டிக்கொண்ட பிரேக் கேலிப்பர் (பிரேக் பேடை டிஸ்க்கில் அழுத்தும் பாகம்) ஆகியவற்றோடு ஓடும் காரில் மாஸ்டா கொடுத்த உணர்வு பாதிதான் மிஞ்சியிருக்கும். அந்த மறுபாதியை மீட்ட பிறகுதான், மேலே என்ன சேர்ப்பது என்று முடிவெடுக்கவே முடியும். என் பரிந்துரை எல்லாம் இதிலிருந்துதான் வருகிறது.

இந்தியாவில் மாஸ்டா கார்களை விற்பதில்லை. அதனால் இதைப் படித்துவிட்டு நேரே செயலில் இறங்கக்கூடியவர்கள் பிரிட்டன், கனடா போன்ற நாடுகளில் இருப்பவர்கள். கனடாவில் இதன் பெயர் மியாட்டா. விலைகளை மட்டும் பிரிட்டன் கணக்கில் சொல்கிறேன். சிறிய கராஜ்களின் சுமாரான நிலவரம் இது, ஊருக்கு ஊர் மாறும்.

## எதை வைத்து எடைபோடுவது

முதல் கேள்வி, தள்ளிப்போட்டால் செலவு பெருகுமா? சில வேலைகள் ஆறு மாதம் காத்திருக்கும், சில வேலைகள் அந்த ஆறு மாதத்தில் மூன்று மடங்காகும்.

இரண்டாவது பாதுகாப்பு. மூன்றாவது, ஓட்டும்போது கையிலும் முதுகிலும் வித்தியாசம் தெரியுமா? இதைச் சின்ன விஷயமாக எண்ண வேண்டாம். சந்தோஷத்துக்காக வாங்கிய காரில் சந்தோஷமும் ஒரு கணக்குதான்.

நான்காவது, மறைந்திருக்கும் செலவு: துருப்பிடித்துக் கழல மறுக்கும் போல்ட், இன்சூரன்ஸ் கட்டண உயர்வு, ஒன்றை மாற்றினால் கூடவே மாற்ற வேண்டிய இன்னொன்று. ஐந்தாவது, வேண்டாமென்றால் பழைய நிலைக்குத் திரும்ப முடியுமா? கம்பெனியில் வந்தபடியே இருக்கும் கார்களுக்கு மதிப்பு கூடிவருவதால் இந்தக் கேள்விக்கு முன்பைவிடக் கனம் அதிகம்.

பணத்தை எடுப்பதற்கு முன் ஒரு இலவச வேலை உண்டு. பதிவு எண்ணைக் கொடுத்தால் அரசின் இணையதளத்திலேயே காரின் பழைய எம்ஓடி (கார் சாலையில் ஓடத் தகுதியானதா என்று வருடாவருடம் பார்க்கும் கட்டாயப் பரிசோதனை) முடிவுகளைப் பார்க்கலாம். 'பாஸ், ஆனால் கவனிக்கவும்' என்று வருடாவருடம் எழுதியிருக்கும் குறிப்புகளை வரிசையாகப் படியுங்கள். 'பின் சில் அரிப்பு' (சில் என்பது கதவுக்கு அடியில் ஓடும் தகட்டுப் பகுதி) என்று மூன்று வருடம் வந்துவிட்டு நான்காம் வருடம் காணாமல் போயிருந்தால், ஒன்று யாரோ வெல்டிங் செய்திருக்கிறார்கள், இல்லையென்றால் அடிப்பகுதிக்கான அண்டர்சீல் என்ற கறுப்புப் பூச்சைப் பூசி மறைத்திருக்கிறார்கள்.

## வழி 1: துரு

இந்த மாடலைக் கொல்வது துருதான். இன்ஜின் போய் ஸ்கிராப்புக்குப் போகும் எம்எக்ஸ்-5 அபூர்வம், அடிப்பகுதி அரித்துப் போகும் கார்கள்தான் ஏராளம். குளிர்காலத்தில் சாலையில் உப்புத் தூவும் நாட்டில் இருபது வருடம் ஓடிய காருக்கு இது எதிர்பார்க்க வேண்டியதே.

பார்க்க வேண்டிய இடங்கள் இரண்டு. ஒன்று, கதவுக்கு அடியில் ஓடும் சில்லின் பின்முனை, பின்சக்கரத்துக்குச் சற்று முன்னால். துணிக் கூரையில் விழும் மழைநீர் சீட்டுக்குப் பின்னால் இருக்கும் வடிகால் வழியாக இறங்கிப் பின்சக்கரத்துக்கு முன்னால் வெளியே வர வேண்டும். இலையும் தூசியும் சேர்ந்து வடிகால் அடைத்தால் தண்ணீர் உள்ளேயே தேங்கிச் சில்லை உள்ளிருந்து தின்னும். வெளியே பெயின்ட் குமிழியாக எழும்போது உள்ளே பாதி போயிருக்கும். ஒரு குவளை தண்ணீரை மெதுவாக ஊற்றி அடியில் வருகிறதா என்று பாருங்கள். வரவில்லையென்றால் புல்வெட்டும் இயந்திரத்தின் நைலான் நூல் போன்ற வளையும் பொருளால் குத்தி விடுங்கள். இரும்புக் கம்பியை விட்டால் வடிகாலே கிழிந்துவிடும்.

இரண்டாவது இடம் ஆபத்தானது: இன்ஜினுக்கு இருபுறமும் முன்னோக்கி ஓடும் சாசி ரெயில்கள். இந்தத் தலைமுறையில் அவை சில இடங்களில் இரட்டைத் தகடு. இடையில் ஈரம் புகுந்து உள்ளிருந்து அரிக்கும், வெளியிலிருந்து தெரியாது. மோதும்போது காரின் முன்பகுதியைத் தாங்குவது இதுதான். லிஃப்டில் ஏற்றி, சின்னச் சுத்தியலால் தட்டிக் கேட்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள்.

ஒரு சில்லின் பின்பகுதியை வெட்டி ஒட்ட 400 முதல் 800 பவுண்டு. சாசி ரெயில் என்றால் அதற்கும் மேல். எம்ஓடி விதிப்படி, சீட் பெல்ட்டோ சஸ்பென்ஷனோ பொருத்தியிருக்கும் இடத்திலிருந்து 30 சென்டிமீட்டருக்குள் கடுமையான அரிப்பு இருந்தால் கார் தேறாது. சில்லின் பின்முனை அந்த எல்லைக்குள் வந்துவிடும். மறைசெலவு பெயின்ட். வெல்டிங்குக்கு மட்டும் விலை கேட்டுவிட்டு வந்தால், பெயின்ட் சேர்ந்த பில் தூக்கிவாரிப்போடும்.

இன்னும் ஓட்டை விழாத காரென்றால் செலவு மிகக் குறைவு. நன்றாகக் காய்ந்த நாளில் உள் இடுக்குகளுக்கு மெழுகு அடிக்க வேண்டும், டின்னிட்ரால், பில்ட் ஹேம்பர் போன்ற பெயர்களில் கிடைக்கும். பொருளுக்கு 60 முதல் 100 பவுண்டு, கூடவே ஒரு முழு சனிக்கிழமை. ஓட்டும்போது எந்த வித்தியாசமும் தெரியாததால் யாரும் செய்ய மாட்டார்கள். ஆனால் மேலே சொன்ன முதல் அளவுகோலில் இதற்கு ஈடான வேலை வேறு இல்லை.

## வழி 2: எண்ணெய்கள், பெல்ட், தேய்ந்த சின்னச் சாமான்கள்

முந்தைய உரிமையாளர் 'எல்லாம் மாத்தியாச்சு' என்று சொல்வார். பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே கணக்கு வையுங்கள்.

இன்ஜின் ஆயில், ஃபில்டர், பிளக், பிளக் ஒயர், கூலன்ட், பிரேக் ஆயில், கியர்பாக்ஸ் ஆயில், டிஃபரன்ஷியல் (பின்சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) ஆயில். சொந்தமாகச் செய்தால் 120 முதல் 180 பவுண்டு, கராஜில் 250 முதல் 350. இதில் இரண்டு விஷயத்தை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும்.

கியர்பாக்ஸுக்கு ஜிஎல்-4 தரத்தில் 75டபிள்யூ-90 எண்ணெய் ஊற்றுங்கள். ஜிஎல்-5 பார்க்க 'உயர்ந்தது' போலிருக்கும், ஆனால் அதிலுள்ள சில சேர்மானங்கள் கியர்பாக்ஸின் பித்தளை சிங்க்ரோ வளையங்களுக்கு (கியர் மாற்றும்போது வேகத்தைச் சமன்செய்பவை) ஆகாது. டிஃபரன்ஷியலுக்கு ஜிஎல்-5தான் சரி. குளிர்ந்த காலையில் முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்குப் போக முரண்டு பிடிக்கும் கார்கள் பல, எண்ணெய் மாற்றியதுமே பாதி சரியாகிவிடும். மீதிக்கு இன்னொரு மருந்து உண்டு. கியர் லீவரின் அடியில் கியர்பாக்ஸோடு சேராத தனி எண்ணெய்க் குழி ஒன்று இருக்கிறது. அது வற்றிப் போயிருக்கும், அதன் மேலுள்ள ரப்பர் உறையும் கிழிந்திருக்கும். புது உறைகளும் கொஞ்சம் எண்ணெயும் சேர்த்து ஐம்பது பவுண்டு தாண்டாது. இந்தக் காரின் கியர் லீவர் ஏன் இவ்வளவு புகழ்பெற்றது என்று அதற்குப் பிறகு புரியும். செலவுக்கும் சந்தோஷத்துக்குமான விகிதத்தில் என் முதல் பரிந்துரை இதுதான்.

பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். புது டாட் 4 எண்ணெய் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது தரவிதி, ஈரம் ஏறிய நிலையில் அந்த எல்லை 155 டிகிரிக்கு இறங்கிவிடும். மலைப்பாதையில் இறங்கும்போது பெடல் கடற்பஞ்சு போல அமுங்குவது இதனால்தான். இருபது பவுண்டில் முடிகிற வேலையைத் தள்ளிப்போட ஒரு காரணமும் இல்லை.

இன்ஜின் வால்வுகளைப் பிஸ்டனோடு தாளம் தப்பாமல் இயக்கும் டைமிங் பெல்ட்டை 60,000 மைலுக்கு ஒரு முறை மாற்ற வேண்டும் என்பது கணக்கு. ஆனால் வருடத்துக்கு இரண்டாயிரம் மைல் ஓடும் கார்களில் மைல் வருவதற்குள் ரப்பருக்கு வயதாகிவிடும். வாட்டர் பம்பைக் கழற்றவும் அதே உறைகளையும் பெல்ட்டையும் எடுக்க வேண்டியிருப்பதால், பம்பையும் முன்பக்க ஆயில் சீல்களையும் சேர்த்தே மாற்றுங்கள். 350 முதல் 550 பவுண்டு ஆகும். 1.6 இன்ஜினில் பெல்ட் அறுந்தாலும் பிஸ்டனும் வால்வும் மோதிக்கொள்ளாது, கார் நின்றுபோகும், அவ்வளவுதான். அதனால் 1.6 வைத்திருப்பவர், பில் இல்லாவிட்டாலும் இதைச் சில மாதம் தள்ளிவைத்துத் துருவையோ டயரையோ முந்திக்கொள்ளலாம்.

ரேடியேட்டரின் மேல் பிளாஸ்டிக் கறுப்பாக இருக்க வேண்டும். பழுப்பேறியிருந்தால் விரைவில் வெடிக்கும், கூலன்ட் மாற்றும்போதே ரேடியேட்டரையும் மாற்றிவிடுவது லாபம். பெடலை மிதிக்கும்போது எண்ணெய் அழுத்தத்தால் கிளட்ச்சை விடுவிக்கும் கிளட்ச் ஸ்லேவ் சிலிண்டர் ஒரு நாள் சொல்லாமல் கைவிடும். சாமான் மலிவு, வேலையும் எளிது. பேட்டரி பின் டிக்கியில் இருக்கிறது. அதற்குக் காற்றுக்குழாய் வசதியுள்ள வகை வேண்டும். சாதாரணப் பேட்டரியை வைத்தால் அமில ஆவி டிக்கித் தகட்டை அரிக்கும்.

## வழி 3: டயர், அலைன்மென்ட், பிரேக்

டயரின் பக்கவாட்டில் டாட் எண்ணின் கடைசி நான்கு இலக்கத்தைப் பாருங்கள். 2314 என்றால் 2014-ன் 23-ஆவது வாரம் செய்தது. குறைவாக ஓடும் கார்களில் பட்டை ஆழமாக இருக்கும், ரப்பர் மட்டும் கல்லாகியிருக்கும். பின்சக்கரம் தள்ளும் லேசான காரில், ஈரச் சாலையில், அது வளைவிலேயே காரைச் சுழற்றிவிடும். சட்டம் 1.6 மில்லிமீட்டர் வரை அனுமதிக்கிறது, நான் 3 மில்லிமீட்டரிலேயே மாற்றச் சொல்வேன்.

15 அங்குலச் சக்கரமென்றால் 195/50 அளவு, தேர்வு நிறைய. நான்கும் ஒரே பிராண்ட், ஒரே மாடலாக 250 முதல் 400 பவுண்டுக்கு வாங்கிவிடலாம். காற்று விஷயத்தில் கவனம் வேண்டும். மாஸ்டா சொல்லும் அளவு 26 பிஎஸ்ஐதான். டயர் கடைகளில் பழக்கதோஷத்தில் 32, 34 என்று ஏற்றி அனுப்புவார்கள், லேசான கார் துள்ள ஆரம்பிக்கும். 'சஸ்பென்ஷன் போச்சு' என்று புகார் சொல்பவர்கள் முதலில் காற்றை அளந்து பாருங்கள்.

சக்கரங்களின் கோணங்களைச் சரிசெய்யும் அலைன்மென்ட்தான் பலர் மதிப்பு தெரியாமல் விடும் வேலை. இதில் நான்கு சக்கரத்துக்கும் கேம்பரும் (சக்கரம் உள்ளே வெளியே சாயும் கோணம்) டோவும் (முன்னோக்கிப் பார்க்கும் திசை) மாற்றலாம், முன்சக்கரங்களுக்குக் கேஸ்டரும் (திருப்பும் அச்சு முன்பின்னாகச் சாயும் கோணம்) சேரும். இந்தக் காரைத் தெரிந்த கடையில் 80 முதல் 150 பவுண்டு. மறைசெலவு அந்தச் சரிசெய்யும் போல்ட்களில் இருக்கிறது. கீழ் விஷ்போனுக்குள் துருப்பிடித்துப் புஷ்ஷோடு ஒட்டிக்கொண்டிருந்தால் வெட்டித்தான் எடுக்க வேண்டும், பில் இரட்டிப்பாகலாம். அதனால் அலைன்மென்ட்டுக்கு விடுமுன் 'போல்ட் சுற்றுகிறதா பார்த்துவிட்டு விலை சொல்லுங்கள்' என்று கேளுங்கள்.

பிரேக்கில் பெரிய டிஸ்க், வண்ணக் கேலிப்பர் எதுவும் சாலைக்குத் தேவையில்லை. இந்த எடைக்குக் கம்பெனி பிரேக்கே தாராளம். சரியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். பின் கேலிப்பர்கள் இறுகிக்கொள்வது இந்தக் காரின் தீராத நோய். ஓட்டிவிட்டு வந்ததும் நான்கு சக்கரத்தின் அருகிலும் கையைக் கொண்டுபோனால் ஒன்று மட்டும் அதிகமாகக் கொதிப்பது தெரியும். ஹேண்ட்பிரேக் மேலே வரை இழுபட்டால் கேபிளை முறுக்கும் முன் பின் கேலிப்பரில் உள்ள சரிசெய்யும் திருகைப் பாருங்கள். ஒரு ஆலன் சாவியால் சரியாகும் விஷயத்துக்குப் புதுக் கேபிள் வாங்கியவர்கள் உண்டு.

## வழி 4: சஸ்பென்ஷன்

ஆசை எல்லோருக்கும் இங்கேதான். தாழ்ந்து நிற்கும் எம்எக்ஸ்-5 அழகுதான், நான் மறுக்கவில்லை. ஆனால் இந்தக் காரில் சக்கரம் மேலும் கீழும் அசைய இருக்கும் இடமே குறைவு. மலிவான காய்லோவரைப் போட்டு மிகத் தாழ்த்தினால் ஒவ்வொரு பள்ளத்திலும் பம்ப் ஸ்டாப் (சக்கர அசைவின் எல்லையில் இருக்கும் ரப்பர் தடுப்பு) மேல் மோதும், மோசமான சாலையில் கம்பெனிக் காரைவிட மெதுவாகத்தான் போக முடியும்.

காய்லோவர் 500 முதல் 1,200 பவுண்டு. பொருத்தக் கூலி 200 முதல் 300, பிறகு அலைன்மென்ட், ஒட்டிய போல்ட்கள், இன்சூரன்ஸ். பிரிட்டனில் மாற்றங்களை இன்சூரன்ஸ் நிறுவனத்துக்குச் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் விட்டால் விபத்து நேரத்தில் பாலிசியே செல்லாமல் போகலாம். ஆயிரம் பவுண்டு வேலை ஆயிரத்து ஐந்நூறாவது இப்படித்தான்.

இதற்கும் நடுவழி உண்டு: கோனி, பில்ஸ்டைன் போன்ற நல்ல ஷாக் அப்சார்பர், கம்பெனி ஸ்பிரிங், புது ரப்பர் புஷ்கள். தோற்றத்தில் ஒன்றும் மாறாது, ஓட்டத்தில் எல்லாம் மாறும். சாலையில் மட்டும் ஓட்டுபவருக்கு இதுதான் சரி. காய்லோவர் என்றால், டிராக்கில் (பந்தயத் தடத்தில்) அடிக்கடி ஓட்டி, எவ்வளவு இறுக்கம் வேண்டும் என்று சொந்த அனுபவத்தில் தெரிந்த பிறகு, நல்ல தரத்தில் ஒரே முறை வாங்குங்கள். ஒருவேளை ஷாக் ஏற்கெனவே ஒழுகினால், புதிதாக ஏதோ வாங்கத்தான் வேண்டும். அப்போது இந்த வழி வரிசையில் தானாக மேலே வந்துவிடும்.

## வழி 5: சக்தி

எக்ஸாஸ்ட்டும் ஏர் ஃபில்டரும் சத்தத்தை மாற்றும், வேகத்தை மாற்றியதாக உணர முடியாது. சத்தம் பிடித்திருந்தால் வாங்கலாம், அதில் தப்பில்லை. பழைய எக்ஸாஸ்ட்டைத் தூக்கிப் போடாமல் வையுங்கள். கேட்டலிடிக் கன்வெர்ட்டரை எடுத்துவிடாதீர்கள், எம்ஓடியில் தேறாது.

உண்மையான சக்தி வேண்டுமென்றால் டர்போ அல்லது சூப்பர்சார்ஜர், 3,000 பவுண்டிலிருந்து ஆரம்பம். தனி ஈசியூ (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி), ட்யூனிங், வலுவான கிளட்ச், பெரிய ரேடியேட்டர் என்று தொடரும், ஐந்து கியர் பெட்டிக்கும் பாரம் கூடும். மாஸ்டாவே 2004-05ல் வட அமெரிக்காவுக்கு 178 குதிரைத்திறனில் டர்போ மாடல் செய்தபோது கிளட்ச், டிரைவ்ஷாஃப்ட், சஸ்பென்ஷன் எல்லாவற்றையும் சேர்த்து வலுப்படுத்தித்தான் விற்றது. ஆயிரத்து ஐந்நூறு பவுண்டு வைத்திருப்பவருக்கு இது வழியே இல்லை. வேகம்தான் வேண்டும் என்றால் வேறு கார் வாங்குவது மலிவு.

## ஒரே பார்வையில்

| வழி | சுமார் செலவு (பவுண்டு) | தள்ளிப்போட்டால் | ஓட்டத்தில் தெரியுமா | மறைசெலவு |
|---|---|---|---|---|
| துரு தடுப்பு (ஓட்டை இல்லை) | 60–100 | பல மடங்காகும் | தெரியாது | ஒரு முழு நாள் |
| துரு வெல்டிங் | ஒரு பக்கம் 400–800 | எம்ஓடி போகும் | தெரியாது | பெயின்ட் |
| எண்ணெய்கள், சின்னச் சாமான்கள் | 120–350 | மெல்லக் கூடும் | கியரில் நன்றாகத் தெரியும் | ரேடியேட்டர் |
| டைமிங் பெல்ட், வாட்டர் பம்ப் | 350–550 | வழியில் நிற்கும் | தெரியாது | ஆயில் சீல்கள் |
| டயர், அலைன்மென்ட் | 330–550 | ஆபத்து | மிக அதிகம் | ஒட்டிய போல்ட் |
| காய்லோவர் | 700–1,500 | ஒன்றுமில்லை | ஆம், நல்லதற்கே என்று சொல்ல முடியாது | இன்சூரன்ஸ், அலைன்மென்ட் |
| டர்போ | 3,000+ | ஒன்றுமில்லை | ஆம் | கிளட்ச், கியர்பாக்ஸ், இன்சூரன்ஸ் |

## யாருக்கு எது

வார இறுதியில் ஓட்ட வாங்கியவர், அடிப்பகுதி நன்றாக இருக்கிறது. மெழுகு 100, எண்ணெய்களும் கியர் லீவர் உறையும் 250, டயரும் அலைன்மென்ட்டும் 500, பெல்ட் பில் இல்லையென்றால் 450. மிச்சம் ஒரு பின் கேலிப்பருக்குத் தேவைப்படும், வைத்துக்கொள்ளுங்கள். ஆறு மாதம் ஓட்டிய பிறகும் ஷாக் பற்றிய ஆசை இருந்தால் அப்போது வாங்குங்கள்.

தினமும் வேலைக்குப் போக இதுதான் கார். நம்பகத்தன்மை முதலில். பெல்ட், ரேடியேட்டர், கிளட்ச் ஸ்லேவ் சிலிண்டர், பேட்டரி. டயரைக் கோடைக்கால ஸ்போர்ட் டயராக வாங்காமல் எல்லாப் பருவத்துக்குமான வகையாக வாங்குங்கள். குளிர்காலம் முழுக்க உப்பில் ஓடப்போவதால் மெழுகை நவம்பருக்கு முன் முடித்துவிடுங்கள்.

இரண்டு மாதத்தில் டிராக் டே (சொந்தக் காரைப் பந்தயத் தடத்தில் ஓட்டும் நாள்) போகிறேன் என்பவர். பிரேக் ஆயில், நல்ல பிரேக் பேட், டயர், புது கூலன்ட். கூரை திறக்கும் கார் என்பதால் ரோல் பார் (கார் கவிழ்ந்தால் தலையைக் காக்கும் இரும்பு வளைவு) வேண்டும். சில டிராக்குகளில் கட்டாயமும்கூட, முன்பதிவு செய்யும் முன் கேட்டுவிடுங்கள். ஹெல்மெட் போட்டு உட்கார்ந்தால் தலை பாருக்குக் கீழே இருக்க வேண்டும். உயரமானவர்கள் சீட்டைத் தாழ்த்த வேண்டியிருக்கும், அதற்கும் பணம் ஒதுக்குங்கள். காய்லோவரை விட இது முந்தியது.

வீட்டிலேயே வேலை செய்து கற்றுக்கொள்ள வாங்கியவர். இதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடைக்காது. சாமான்கள் மலிவு, இன்ஜின் அறையில் கை போகும். முதல் செலவு இரண்டு நல்ல ஆக்சில் ஸ்டாண்டாக இருக்கட்டும். ஜாக்கை மட்டும் நம்பி அடியில் போகாதீர்கள். துருப்பிடித்த சில்லில் ஜாக் வைத்தால் தகடே மடங்கும், சாசியின் உறுதியான இடங்களைத் தேடி வையுங்கள்.

லிஃப்டில் ஏற்றியபோது முன் சாசி ரெயில்கள் இரண்டும் போயிருக்கின்றன. சரிசெய்யும் செலவு காரின் விலையை எட்டிவிடும். கார் உங்களுக்கு எவ்வளவு பிடித்திருந்தாலும் டயர், பெல்ட் என்று அதில் ஒரு பவுண்டுகூடப் போடாதீர்கள். நல்ல இன்ஜின், கியர்பாக்ஸ், சக்கரம், ஹார்ட்டாப் (கழற்றி மாட்டும் கெட்டிக் கூரை) இருந்தால் அதற்கு மட்டுமே நல்ல பணம் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். குறையை மறைக்காமல் சொல்லி விற்றுவிட்டு, அந்தப் பணத்தோடு உங்கள் ஆயிரத்து ஐந்நூறையும் சேர்த்துத் துருவில்லாத இன்னொன்றைத் தேடுங்கள்.